படிகத்தின் தரம் கண்ட பேரறிஞர் ஜி. என். ராமச்சந்திரன்

ராமச்சந்திராபுரத்தில் குடியிருக்கும் நாம் கடிதம் எழுதும்போதெல்லாம் முகவரியில் ஒரு பெயரை எழுதி வருகிறோம். அப்பெயருக்கும் இக்கட்டுரையின் நாயகருக்கும் எழுத்தளவில் ஒற்றுமை உண்டேயன்றி வேறு உறவில்லை. ஆயினும், நம் காலனியிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் உயிர் ரசாயனப் பாடத்தில் ராமச்சந்திரன் வரைபடம் என்னும் தொடரைக் கண்டு, அதனை மனப்பாடம் செய்து, தேர்வு எழுதித் திரும்புகின்றனர். அந்த ராமச்சந்திரன் யார், எந்த ஊரார், எந்த வழக்கின் நடுவே அவ்வரைபடம் பிறந்தது என்று கேட்டால் விடை கூறுவோர் மிகச் சிலரே. தமிழகத்தை விட்டு வந்து தொழில் செய்யும் நம் போன்றோர், தமிழகத்திலிருந்தபடியே உலகை வியக்கச் செய்த ஒருவரின் வரலாற்றை அறிந்திருத்தல் கடமையாகும். ஆகவே நம் சங்கத்தின் ஆண்டு மலரில் அவருடைய வாழ்க்கையை இயன்ற அளவு எளிமையாக எடுத்துரைக்கத் துணிந்தோம். நாம் கல்லூரியில் பயின்றவரல்லர். ரயில்வே கணக்கேட்டோடு காலம் கழிப்பவர். எனவே பெரும் விஞ்ஞானத்தையும் நம் தொழிலின் சொற்களாலேயே விளக்க முற்படுவோம்.

பிறப்பும் இளமையும்

கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் ராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் திங்கள் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். கோபாலசமுத்திரம் என்பது திருநெல்வேலியை அடுத்த ஊர். அதுவே அவர்தம் முன்னோர் வாழ்ந்த இடம். தந்தையார் நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியராக விளங்கியவர். அன்னையார் லட்சுமி அம்மாள். ஆக, நம் கதாநாயகரும் தொழில் நிமித்தம் மலையாள நாட்டில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் மைந்தரே. வெளியூரில் வளரும் பிள்ளைகளுக்கு வேர் இல்லாமற் போகுமோ என்று அஞ்சும் பெற்றோர் இதனைக் கருத்திற்கொள்ளல் நன்று.

கணக்கு அவருக்கு வீட்டிலேயே வந்த சொத்து. பள்ளிப் படிப்பை முடித்தபின் திருச்சிராப்பள்ளி புனித ஜோசப் கல்லூரியில் சேர்ந்து, 1942இல் பௌதிகத்தில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார்.

தந்தையார், மகன் அரசாங்க உத்தியோகத்தில் அமர வேண்டும் என்று விரும்பினார். அக்காலத்தில் எந்தத் தந்தைதான் விரும்பாதிருந்தார்? ரயில்வே பொறியியல் பணிக்கான தேர்வு எழுதுமாறு மகனை டில்லிக்கு அனுப்பினார். மகனுக்கோ அதில் நாட்டமில்லை. தேர்வு பெற்றுவிடக்கூடாது என்னும் எண்ணத்துடனேயே தேர்வை எழுதித் திரும்பினார் என்பர். ரயில்வே இலாகா ஓர் அதிகாரியை இழந்தது. உலகம் ஓர் அறிஞரைப் பெற்றது. இலாகாவைச் சேர்ந்தவராயினும் இந்த இழப்பிற்கு நாம் வருந்தவில்லை.

ராமனின் மாணவர்

1942இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ராமச்சந்திரன் முதலில் சேர்ந்தது மின்பொறியியல் துறையில். பௌதிகத் துறைக்குத் தலைவராக இருந்தவரோ சர் சி. வி. ராமன். இளைஞரின் திறமையைக் கண்டுகொண்ட ராமன், இவர் இருக்க வேண்டிய இடம் பௌதிகமே என்று முடிவு செய்து தம் துறைக்கு மாற்றிக்கொண்டார். அந்த ஒரு துறை மாற்றமே இருவர் புகழையும் வளர்த்தது.

ராமனுக்கு வைரங்களின் மீது தீராத பற்று இருந்தது. ஆராய்ச்சிக்காகவே பல வைரங்களைச் சேர்த்து வைத்திருந்தார். வெளிப்பார்வைக்கு ஒன்று போலவே தோன்றும் வைரங்கள் உள்ளமைப்பில் வேறுபடுகின்றனவா என்பதை ஆராயும் பணி ராமச்சந்திரனுக்கு வாய்த்தது. இங்கேதான் நாம் கூற வந்த செய்தியின் வித்து இருக்கிறது. ஆகவே சற்று விளக்குவோம்.

நம் காலனியில் பலருக்கு எக்ஸ்ரே புதிதன்று. பற்றவைத்த இணைப்பில் விரிசல் உண்டா, வார்ப்படத்தில் காற்றுக்குழி உண்டா என்று தொழிற்சாலைகளில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது வழக்கம். அது நிழற்படம்; கைமுறிவுக்கு ஆஸ்பத்திரியில் எடுப்பதும் அவ்வகையே. படிகத்தில் எக்ஸ் கதிர் செய்யும் வேலை வேறு. படிகம் என்பது அணுக்கள் வரிசை தவறாமல் அடுக்கப்பட்ட பொருள். உப்பும் கற்கண்டும் வைரமும் படிகங்களே. அணுக்களின் இடைவெளியும் எக்ஸ் கதிரின் அலை நீளமும் ஏறக்குறைய ஒரே அளவின. ஒரு மில்லிமீட்டரைக் கோடி பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, அதற்கு ஆங்ஸ்ட்ராம் என்று பெயர். அந்த அளவிலே இவ்விரண்டும் அமைந்திருப்பதால், படிகத்துள் புகுந்த கதிர் எல்லாத் திசையிலும் சிதறாமல், குறிப்பிட்ட சில திசைகளில் மட்டும் வலுப்பெற்று வெளிவரும். படச்சுருளில் அவை புள்ளிகளாக விழும். அப்புள்ளிகளின் இடத்தையும் கருமையையும் அளந்து கணக்கிட்டால் உள்ளே அணுக்கள் எங்கெங்கே உள்ளன என்பது புலனாகும்.

ஆனால் படிகம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கிறதா? இதனை அறிய ராமச்சந்திரன் ஒரு வழியைக் கையாண்டார். நுண்ணிய துளை வழியே வரும் எக்ஸ் கதிரைத் தட்டையான வைரத்தின் முழுப் பரப்பின்மீதும் விழச் செய்தார். அப்போது விழும் புள்ளி வெறும் புள்ளியாக இராமல் அவ்வைரத்தின் உருவப்படமாகவே அமைந்தது. வைரத்தின் எப்பகுதியில் அடுக்கு சீராக உள்ளது, எப்பகுதியில் குலைந்துள்ளது என்பது அப்படத்தில் கோடுகளாகவும் பட்டைகளாகவும் தெரிந்தது. இவ்வாராய்ச்சியை அவர் 1944இல் வெளியிட்டார்; அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு கூட நிரம்பவில்லை.

இதில் ஒரு விந்தை உண்டு. குறைவற்ற படிகமே மிகுந்த ஒளிர்வுடன் கதிரைத் திருப்பும் என்றுதான் நாம் நினைப்போம். உண்மை அதற்கு மாறு. முற்றிலும் சீரான படிகத்தில், உள்ளே மீண்டும் மீண்டும் திரும்பும் கதிர்கள் தம்முள் ஒன்றையொன்று தணித்துக்கொள்வதால், வெளிவரும் கதிரின் மொத்த அளவு குறையும். அடுக்கு சற்றே குலைந்த பகுதியே கதிரை மிகுதியாகத் திருப்பும். ஆகவே பிரகாசம் ஒன்றையே கண்டு தரத்தை முடிவு செய்தல் கூடாது. இளமையிற் கற்ற இப்பாடம் அவர்தம் வாழ்நாள் முழுவதும் உடன் வந்தது.

1947இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்ஸி. பட்டத்தைப் பெற்று, அவ்வாண்டே கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே காவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் ஊஸ்டர் என்பவரின் கீழ், படிகத்தில் பரவலாகச் சிதறும் எக்ஸ் கதிரைக்கொண்டு அதன் நெகிழ்ச்சித் தன்மையை அளக்கும் முறையை ஆராய்ந்து மற்றொரு டாக்டர் பட்டம் பெற்றார். 1949இல் தாய்நாடு திரும்பிப் பெங்களூரிலேயே ஆசிரியப் பணி ஏற்றார்.

சென்னையில் ஒரு தவச்சாலை

சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் துணைவேந்தராக இருந்த காலம் அது. புதிய பௌதிகத் துறைக்குத் தலைமை ஏற்குமாறு அவர் ராமனை அணுகினார். ராமன் தாம் வர இயலாதென்று கூறி ராமச்சந்திரனின் பெயரைப் பரிந்துரைத்தார். 1952இல், ஏறத்தாழ முப்பது வயதில், ராமச்சந்திரன் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் கிண்டியில் பொறுப்பேற்றார். முப்பது வயதில் நம்மில் பலர் முதற் பதவி உயர்வுக்காகக் காத்திருந்தோம் என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் பெருமை விளங்கும்.

அக்காலத்தில் ஆங்கில நாட்டுப் படிக இயல் அறிஞர் ஜே. டி. பெர்னால் சென்னைக்கு வந்தார். 1934இல் டாரத்தி குரோஃபுட் என்னும் மாணவியாருடன் சேர்ந்து, பெப்சின் என்னும் புரதத்தின் படிகத்திலிருந்து நல்ல எக்ஸ் கதிர்ப் படத்தை முதன்முதலில் பெற்றவர் அவரே. படிகத்தைக் காயவிடாமல், அது வளர்ந்த நீர்மத்திலேயே வைத்துப் படமெடுத்ததுதான் அவ்வெற்றியின் இரகசியம். அவரோடு உரையாடியபோது, கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் சரிவர விளங்கவில்லை என்பது ராமச்சந்திரனுக்குத் தெரிய வந்தது.

கொலாஜன் நம் தோலிலும் எலும்பிலும் தசைநாரிலும் நிறைந்துள்ள புரதம். தோல் ஆராய்ச்சிக்கென அமைந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமோ அடையாற்றில் அண்டை வீடு போல் இருந்தது. அந்நிலையத்தைச் சேர்ந்த நாயுடம்மாவின் உதவி கிட்டியது. பல மாதிரிகளை வைத்து ராமச்சந்திரனும் உடன் பணிபுரிந்த கோபிநாத் கர்த்தாவும் படமெடுத்தனர். கங்காருவின் வால் தசைநாரிலிருந்து கிடைத்த கொலாஜன் மற்றவற்றினும் தெளிவான படத்தைத் தந்தது. அப்படத்தையும், அப்புரதத்தில் மூன்றிலொரு பங்கு கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலமே என்ற ரசாயனச் செய்தியையும் இணைத்து அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தனர். கொலாஜன் மூன்று சங்கிலிகளால் ஆனது. 1954இல் இம்முடிவு நேச்சர் இதழில் வெளிவந்தது. 1955இல் அதனைத் திருத்தி, மூன்று சங்கிலிகளும் பின்னல் போல் ஒன்றையொன்று சுற்றியுள்ளன என்று நிறுவினர். பெண்மக்கள் மூன்று கால் எடுத்துப் பின்னும் சடையை நாம் எண்ணிக்கொண்டால் போதும். நடுவே இடம் மிகக் குறுகலாதலால், மூன்றாவது ஒவ்வோர் இடத்திலும் மிகச் சிறிய கிளைசின் மட்டுமே அமைய முடியும். ரசாயனம் கூறிய மூன்றிலொரு பங்குக்கு இதுவே காரணம்.

வழக்கும் விடையும்

புகழ் வந்த வேகத்திலேயே எதிர்ப்பும் வந்தது. கேம்பிரிட்ஜில் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் 1955இல் தம் கருத்தை வெளியிட்டனர். மூன்று சங்கிலிப் பின்னல் என்பதை அவர்களும் ஏற்றனர். ஆனால் சங்கிலிகளுக்கிடையே மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று சென்னை கூற, ஒன்றே என்று அவர்கள் கூறினர். அன்றியும், சென்னை அமைப்பில் சில அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன, அது இயற்கைக்குப் பொருந்தாது என்றும் குறை கண்டனர்.

இங்கே வாசகர் ஒன்றைக் கேட்கலாம். எக்ஸ் கதிர் அணுக்களின் இடத்தைக் காட்டுமாயின் வழக்குக்கு இடமேது? படத்தைப் பார்த்துத் தீர்த்துவிடலாமே? காரணம் மாதிரியின் தரமே. கங்காரு வாலின் நார் படிகமன்று. அதில் சங்கிலிகள் நீளவாக்கில் மட்டுமே ஒழுங்காக நிற்கும். பக்கவாட்டில் ஒழுங்கு குறைவு. எனவே ஆயிரக்கணக்கான புள்ளிகள் கிடைக்க வேண்டிய இடத்தில் சில கறைகளே கிடைத்தன. சாட்சி குறைந்த வழக்கில் இரு தரப்பாரும் தத்தம் நியாயத்தைக் கூற இடமுண்டாவது இயல்பு.

எதிர்ப்பைக் கேட்ட ராமச்சந்திரன் மனம் சோர்ந்து விட்டுவிடவில்லை. வீண் வாதத்திலும் இறங்கவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கு அளவுகோல் யாது என்று கேட்டார். அதுவரை வெளியாகியிருந்த சிறு படிகங்களின் அமைப்புகளையெல்லாம் திரட்டினார். எந்த அணுவும் எந்த அணுவும் எவ்வளவு தூரம் வரை நெருங்கி நிற்கின்றன என்று அட்டவணை தயாரித்தார். வழக்கமாகக் காணும் தூரம் ஒன்று, மிக அரிதாகக் காணும் கடைசித் தூரம் மற்றொன்று என இரண்டு எல்லைகளை வகுத்தார்.

பின்னர், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய இருவருடன் சேர்ந்து அந்த அளவுகோலை எல்லாப் புரதச் சங்கிலிகளுக்கும் பொருத்திப் பார்த்தார். இதனை நம் தொழிலின் உவமையால் கூறுவோம். புரதச் சங்கிலி ஒரு சரக்கு வண்டித் தொடர். ஒவ்வொரு வண்டியும் விறைப்பான தட்டை, அது வளையாது. வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கார்பன் அணு இருக்கிறது. அதன் இரு பக்கத்துப் பிணைப்புகளிலும் வண்டிகள் சுழலலாம். ஒரு பக்கச் சுழற்சிக்கு ஃபை என்றும் மறு பக்கச் சுழற்சிக்கு சை என்றும் பெயர். இரண்டு கோணங்களையும் விருப்பம்போல் வைத்துக்கொள்ள முடியுமா? முடியாது. கூர்மையான வளைவில் வண்டிகளின் பஃபர்கள் முட்டிக்கொள்வது போல், பல கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதிவிடும்.

மேசைக் கணக்குப் பொறியைக் கொண்டு ஒவ்வொரு கோணமாகக் கணக்கிட்டு, மோதல் நேராத இடங்களை ஒரு சதுரக் கட்டத்தில் குறித்தனர். அச்சதுரத்தில் அனுமதிக்கப்பட்ட இடம் கால் பங்குக்கும் குறைவு. மற்றவை விலக்கப்பட்ட நிலம். பக்கக் கிளையில்லாத கிளைசினுக்கு மட்டும் இயக்கம் தாராளம். 1963இல் வெளிவந்த இதுவே ராமச்சந்திரன் வரைபடம். நம்மைக் குறை கூறினாரே என்று வெகுண்டிருந்தால் இது பிறந்திராது. குறையின் நியாயத்தை அளந்து பார்ப்போம் என்று அமர்ந்ததனால் பிறந்தது.

புரதப் படிகத்தின் தரம் காணல்

இனி, இவ்வரைபடம் இன்று எங்கே பயன்படுகிறது என்பதை அறிய, புரதப் படிகத்தை ஆராய்வோர் அதனை எவ்வாறு தரம் பார்க்கின்றனர் என்பதையும் தெரிந்துகொள்ளல் வேண்டும்.

புரதப் படிகம் வைரத்தைப் போல் உறுதியானதன்று. அதில் ஏறத்தாழப் பாதி நீரே. தொட்டால் நொறுங்கும்; காற்றுப் பட்டால் காயும். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு அல்லது அதனினும் சிறியது. முதலில் அதனை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, தெளிவாக உள்ளதா, விளிம்புகள் கூர்மையாக உள்ளனவா, விரிசல் உண்டா, இரண்டு மூன்று படிகங்கள் ஒட்டி வளர்ந்துள்ளனவா என்று பார்ப்பர். ஆயினும் கண்ணுக்கு அழகான படிகம் கதிரின் முன் நிற்காமற் போவதும், அழகற்றது அருமையான புள்ளிகளைத் தருவதும் உண்டு. பெண் பார்க்கும் படலத்தில் புகைப்படத்தை மட்டும் நம்பக்கூடாது என்று நம் பெரியோர் கூறுவது இங்கும் பொருந்தும்.

உண்மைச் சோதனை எக்ஸ் கதிரே. பெரும்பாலும் படிகத்தைப் பூச்சியத்திற்குக் கீழே சுமார் 173 டிகிரிக்குக் குளிர்வித்து, கதிரினால் விளையும் சேதத்தைக் குறைத்துக்கொள்வர். முழு அளவீட்டைத் தொடங்குமுன் ஒன்றிரண்டு படங்கள் மட்டும் எடுப்பர்; ஒரு படம் எடுத்தபின் படிகத்தைத் தொண்ணூறு டிகிரி திருப்பி மற்றொன்று எடுப்பது நல்ல வழக்கம். ஒரு பக்கம் நன்றாகத் தோன்றும் படிகம் மறு பக்கம் கெட்டிருக்கலாமன்றோ?

அப்படத்தில் அவர்கள் நோக்குவன சில. முதலாவது, இது புரதந்தானா என்பது. உப்புப் படிகமாயின் புள்ளிகள் குறைவாக, வலுவாக, தொலைவு தொலைவாக விழும்; புரதமாயின் நெருக்கமாக நிறைந்து விழும். இரண்டாவது, புள்ளிகளின் வடிவம். தனித்தனியாகக் கூர்மையாக இருந்தால் நன்று. இழுபட்டோ இரண்டாகப் பிளந்தோ இருந்தால் படிகம் ஒன்றன்று, அல்லது உடைந்துள்ளது. மூன்றாவது, புள்ளிகள் நடுவிலிருந்து எவ்வளவு தூரம் வரை விழுகின்றன என்பது. வெளியே செல்லச் செல்ல நுணுக்கமான செய்தி கிடைக்கும். 3 ஆங்ஸ்ட்ராம் வரை இருந்தால் சங்கிலி செல்லும் வழி தெரியும். 2 ஆங்ஸ்ட்ராம் வரை இருந்தால் பக்கக் கிளைகளும் நீர் மூலக்கூறுகளும் தெரியும். 1 ஆங்ஸ்ட்ராமை எட்டினால் ஒவ்வோர் அணுவும் தனித்து நிற்கும். நான்காவது, மொசைக் தன்மை. மொசைக் தரையில் கற்கள் சற்றே மேடு பள்ளமாகப் பதிந்திருப்பது போல், படிகத்தின் சிறு பகுதிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு கோணம் விலகியுள்ளன என்னும் அளவு அது. சிறிதளவு இருப்பது இயல்பே. மிகுந்தால் அடுத்தடுத்த புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கணக்கைக் கெடுக்கும். குளிர்விக்கும்போது பனிக்கட்டி உண்டாகிவிட்டால் படத்தில் வளையங்கள் தோன்றும். அதுவும் ஒரு குறையே.

இருபத்தொரு வயதில் ராமச்சந்திரன் வைரத்தில் கண்டதும் அடுக்கின் சீர்குலைவையே. கதிர் கொண்டு படிகத்தின் உருவப்படம் எடுக்கும் அம்முறையைப் பிற்காலத்தில் லைசோசைம் போன்ற புரதப் படிகங்களின் குறைகளைக் காணவும் ஆய்வாளர் கையாண்டனர்.

புள்ளிகளை அளந்த பின்னும் ஒரு பெருந்தடை உண்டு. ஒவ்வொரு கதிரின் வலிமையைப் படம் காட்டும். அலைகள் எந்தப் படிநிலையில் வந்து சேர்ந்தன என்பதைக் காட்டாது. அதனை மீட்க, கன அணுக்களின் முறைமாறிய சிதறலைப் பயன்படுத்தலாம் என்று 1956இல் ராமச்சந்திரனும் அவர் மாணவர் எஸ். ராமனும் வழி கூறினர். இன்று புரத அமைப்புகளைக் காண உதவும் முக்கிய முறைகளுக்கு அடிகோலியவற்றுள் அதுவும் ஒன்று. இந்தூரில் உள்ள இண்டஸ் 2 என்னும் பெருங் கதிர் ஊற்றில் புரதப் படிகங்களுக்கெனவே ஒரு கதிர்வழி அமைந்துள்ளது. நம் ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்திலும் புரதப் படிக ஆராய்ச்சி நடைபெறுகிறது.

இவ்வளவும் செய்து அமைப்பை வரைந்தபின், அது சரிதானா என்று எவ்வாறு அறிவது? இங்கேதான் சென்னை வரைபடம் நீதிபதியாக அமர்கிறது. அமைப்பில் உள்ள ஒவ்வோர் அமினோ அமிலத்தின் இரண்டு கோணங்களையும் அச்சதுரத்தில் குறிப்பர். நல்ல படிகத்திலிருந்து கவனமாகக் கண்ட அமைப்பாயின் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு அளவில் விரும்பத்தக்க இடத்திலேயே விழும். பல புள்ளிகள் விலக்கப்பட்ட நிலத்தில் நின்றால், ஆய்வாளர் எங்கோ தவறினார் என்பது பொருள். நம் அலுவலகத்தில் ஒருவர் போட்ட கூட்டலை மற்றொருவர் வேறு வழியில் சரிபார்ப்பது போன்றது இது. ஆகவே அப்பெரியார் படிகத்தின் தரத்தைக் காண்பதில் தொடங்கி, படிகத்திலிருந்து பெற்ற முடிவின் தரத்தைக் காணும் கருவியையும் உலகுக்கு அளித்தார் எனலாம்.

பிற்கால வாழ்வு

1963இலும் 1967இலும் சென்னையில் அவர் கூட்டிய சர்வதேச மாநாடுகளுக்கு உலகின் பெரும் அறிஞர்கள் வந்தனர். கிண்டியின் பெயர் ஆராய்ச்சி உலகில் வழங்கலாயிற்று. 1969இல் முதலியார் பதவியினின்று விலகினார். மறு ஆண்டே ராமச்சந்திரனும் சென்னைப் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கினார். சில காலம் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1971இல் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூறு உயிர் பௌதிகப் பிரிவைத் தோற்றுவித்தார். அவ்வாண்டே ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே நிழல்களிலிருந்து உடலின் உட்புறத்தைக் கணக்கினால் மீட்கும் விரைவான முறையை வெளியிட்டார். இன்று ஆஸ்பத்திரிகளில் சி.டி. ஸ்கேன் எடுக்கும்போது உள்ளே ஓடும் கணிதத்தில் இம்முறைக்கும் பங்குண்டு.

1961இல் பட்னாகர் பரிசும், 1977இல் லண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினர் பதவியும், 1999இல் சர்வதேசப் படிக இயல் சங்கத்தின் இவால்ட் பரிசும் அவரை நாடி வந்தன. நோபல் பரிசு மட்டும் வரவில்லை. ஆனால் பரிசு பெற்றோர் பலரின் பெயரை மாணவர் மறந்திருக்க, இவருடைய பெயரைப் புரதம் பயிலும் ஒவ்வொரு மாணவரும் உச்சரிக்கின்றனர்.

முதுமையில் பார்க்கின்சன் நோய் அவரை வாட்டியது. 1945இல் கைப்பிடித்து அரை நூற்றாண்டுக்கு மேல் துணை நின்ற மனைவியார் ராஜலட்சுமி 1998இல் காலமானார். அப்பிரிவு அவரைப் பெரிதும் தளர்த்தியது. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் அவர் உயிர் நீத்தார்.

கொலாஜன் வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1994இல், கொலாஜனைப் போன்ற ஒரு சிறு சங்கிலியை நல்ல படிகமாக வளர்த்து, 1.9 ஆங்ஸ்ட்ராம் வரை அளந்தனர் அமெரிக்க ஆய்வாளர். மூன்று சங்கிலிப் பின்னல் என்னும் சென்னை முடிவு ஐயமின்றி உறுதியாயிற்று. நேரடி ஹைட்ரஜன் பிணைப்பைப் பொறுத்தவரை ஒன்றே என்ற கேம்பிரிட்ஜ் கூற்று சரியாயிற்று. இரண்டாவது பிணைப்பை நீர் மூலக்கூறு இடைநின்று இணைக்கலாம் என்று 1968இலேயே ராமச்சந்திரனும் சந்திரசேகரனும் கருதியிருந்தனர். அப்படிகத்தில் சங்கிலிகளைச் சூழ்ந்து இணைத்து நின்ற நீரும் கண்ணுக்குத் தெரிந்தது. இரு தரப்பாருக்கும் உரியதை உரியவாறு வழங்கிய தீர்ப்பு அது. நல்ல படிகம் கிடைத்த பின்னரே அத்தீர்ப்பு வந்தது என்பதை நாம் மறத்தலாகாது. அதே 1994இல், பெங்களூரில் அவர் தோற்றுவித்த பிரிவில், எம். விஜயன் தலைமையில் வேர்க்கடலையிலுள்ள லெக்டின் என்னும் புரதத்தின் அமைப்பும் கண்டறியப்பட்டது. விதைத்தவர் கண் காணவே விளைச்சல் வீடு வந்தது.

இவ்வரலாற்றிலிருந்து நம் குடும்பங்கள் கொள்ளத்தக்கது யாது? பிள்ளைகள் எல்லோரும் தேர்வில் தவறிவர வேண்டும் என்று நாம் கூறோம். மாதச் சம்பளத்தின் அருமையை நாம் அறிவோம். ஆனால் ஒரு பிள்ளைக்கு ஒரு துறையில் மெய்யான நாட்டம் இருக்குமாயின், அதனையும் ஒரு படிகமாகக் கருதி, வெளிப் பளபளப்பை விட்டு உள்ளடுக்கை நோக்கி, ஒரு கோணத்தில் மட்டுமன்றித் திருப்பியும் பார்த்து முடிவு செய்தல் பெற்றோர் கடமை. பிள்ளைகளோ, ஒருவர் தம் வேலையில் குறை காட்டினால் முகம் சுளியாமல், குறை மெய்யா என்று அளந்து பார்க்கும் பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும். கிண்டியில் ஒருவர் அவ்வாறு அளந்து பார்த்ததன் பயன் இன்று உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களில் நின்று நிலவுகிறது. அவர்தம் புகழ் வாழ்க. அவர் காட்டிய நேர்மை நம் பிள்ளைகளிடத்தும் தழைக்க.